தொண்டு நிறுவன மேலாண்மை முதுகலை: கணக்கு வகுப்புக்காகவே சேரலாம்

லாப நோக்கற்ற நிறுவனங்களின் மேலாண்மை, தலைமைத்துவம் என்று பெயர் போட்ட முதுகலைப் பட்டத்தைப் பகுதி நேரமாகப் படித்து முடித்திருக்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நீங்கள் ஏற்கெனவே ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறீர்கள், பட்ஜெட்டிலோ ஆட்களை நடத்துவதிலோ கொஞ்சமாவது பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது என்றால் சேருங்கள். கல்லூரி முடித்த கையோடு, இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வழி என்று நினைத்துச் சேர வேண்டாம். படிப்பின் பெயரில் தலைமைத்துவம் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதன் உண்மையான பலம் கணக்குப் பாடத்திலும் நிர்வாகக் குழு பற்றிய பாடத்திலும்தான். அந்த இரண்டுக்காக மட்டுமே சேர்ந்தாலும் நஷ்டமில்லை.

என் நிலைமையைச் சொன்னால்தான் இந்த மதிப்புரை உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரியும். குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு சிறிய அமைப்பில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அதைத் தொடங்கியவர் ஓய்வு பெறப்போகிறார். பொறுப்பை என்னிடம் கொடுக்கும் யோசனை நிர்வாகக் குழுவுக்கு இருக்கிறது. புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவது, வாலண்டியர்களைச் சேர்ப்பது, களத்தில் ஒரு வகுப்பு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் எனக்குப் பழகிய வேலைகள். ஆனால் ஆடிட்டர் கேள்வி கேட்டாலோ நிதி கொடுப்பவர் பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னாலோ பதில் சொல்வது எப்போதும் வேறொருவராக இருந்தது. அந்தப் பதில்களை நானே சொல்ல வேண்டிய நாள் வருகிறது என்பதால்தான் சேர்ந்தேன். ஒவ்வொரு பாடத்தையும் அந்தத் தேவையை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

இப்படி ஒரு தனிப் படிப்பு இருப்பதே சமீபத்திய விஷயம். முன்பெல்லாம் இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சமூகப்பணியோ வணிக மேலாண்மையோ பொது நிர்வாகமோ படித்துவிட்டு, மீதியை வேலையில் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1983-ல் இதற்கென்றே ஒரு முதுகலைப் பட்டத்தைத் தொடங்கியது. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இதே துறைக்கான மாண்டல் மையம் 1984-ல் வந்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1987-ல் தொடங்கிய ஆய்வு மையம், கொடையையே பாடமாகக் கொண்ட தனிப் புலமாக 2012-ல் வளர்ந்தது. இந்த வரலாறு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும். இன்றும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் வெவ்வேறு துறையின் கீழ் இருக்கிறது. வணிகப் பள்ளிக்குள் இருந்தால் நிதியும் சந்தைப்படுத்தலும் தூக்கலாக இருக்கும். சமூகப்பணித் துறைக்குள் இருந்தால் மக்களை ஒருங்கிணைப்பது பற்றி நிறையப் பேசுவார்கள், கணக்கு ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். நான் படித்தது பொது நிர்வாகத் துறையின் கீழ். அரசு ஒப்பந்தங்கள் பற்றிய பாடங்கள் நன்றாக இருந்தன; தனிநபர் நன்கொடை பற்றிச் சொல்லிக்கொடுத்தது சுமார்தான்.

முதல் செமஸ்டரில் கோட்பாட்டுப் பாடம். இதைப் பலர் எப்படா முடியும் என்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஹென்றி ஹான்ஸ்மன் என்ற சட்ட அறிஞர் 1980-ல் வைத்த வாதத்திலிருந்து பாடம் தொடங்கியது. இந்த நிறுவனங்கள் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பிடித்த மிச்சத்தை நடத்துபவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் விதி. இந்தக் கட்டுப்பாடு ஏன் தேவை? எங்கோ வெள்ளம் வந்த இடத்துக்குப் பணம் அனுப்புகிறவர், அந்த உதவி போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்ப் பார்க்க முடியாது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். நடுவில் இருப்பவருக்கு ஏமாற்றுவதில் ஆதாயம் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் பங்கு பிரிக்கத் தடை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, வருட முடிவில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல அதை அவசரமாகச் செலவழிக்கும் பழக்கத்தை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

அதே பாடத்தில் லெஸ்டர் சாலமன் வந்தார். அரசு செய்யத் தவறியதைத் தொண்டு நிறுவனங்கள் ஈடுகட்டுகின்றன என்பது பலர் சொல்வது. அவர் 1980-களில் அதைத் திருப்பிப் போட்டார்: தொண்டு நிறுவனங்களுக்கும் அவற்றுக்கே உரிய பலவீனங்கள் உண்டு, அரசு வந்துதான் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்றார். போதுமான பணம் ஒருபோதும் திரளாது. சில குழுக்களுக்கு மட்டும் உதவி போகும், சிலர் விட்டுப்போவார்கள். பணம் உள்ளவர் எது தேவை என்று நினைக்கிறாரோ அதுதான் நடக்கும். பயிற்சி இல்லாதவர்கள் நல்ல மனதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இந்த நான்கில் மூன்றாவதைப் பற்றி வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. எங்கள் அமைப்பில் எந்தப் பள்ளிகளுக்குப் போகிறோம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று அன்று யோசித்தேன். நிதி கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். வேண்டாத பள்ளிகள் என்று எதுவும் இல்லை, ஆனால் வரிசையை அமைப்பது நாங்கள் இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன்.

நடத்தியவர் நெடுங்காலம் தொண்டு நிறுவனங்களை ஆடிட் செய்தவர். முதல் வகுப்பிலேயே ஒரு அமைப்பின் இருப்புநிலைக் குறிப்பைத் திரையில் போட்டார். நிகர சொத்து (கடன் போக மிச்சம் இருப்பது) 100, மாதச் செலவு 8. "நாளையிலிருந்து வருமானம் நின்னுபோச்சுன்னா இவங்க எத்தனை மாசம் தாங்குவாங்க?" என்று கேட்டார். ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும் என்று நாலைந்து குரல்கள். அவர் ஒவ்வொன்றாக அடித்தார். இந்த 100-ல் 60, குறிப்பிட்ட திட்டத்துக்கென்று நன்கொடையாளர் கட்டிப்போட்டுக் கொடுத்த பணம். சம்பளத்துக்குத் தொட முடியாது. 30, கட்டிடம், சுவரைப் பிய்த்து மின்கட்டணம் கட்ட முடியாது. மீதி 10. அதை 8-ஆல் வகுத்தால் ஐந்து வாரம் சொச்சம்.

எங்கள் வகுப்பில் ஒருவர் முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்துகிறவர். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுந்து, "சார், வருஷா வருஷம் போர்டு மீட்டிங்ல நாங்க காட்டுறது அந்த 100-ஐத்தானே?" என்று கேட்டார். "ஆமாம்மா. இனிமே 10-ஐக் காட்டுங்க. அப்பதான் அவங்க போர்டா வேலை செய்வாங்க" என்றார் அவர். அக்கா அடுத்த மாதமே அதைச் செய்தார். அவருடைய நிர்வாகக் குழு முதல்முறையாகக் கையிருப்பு நிதிக்கென்று ஒரு இலக்கு வைத்தது.

அந்தப் பாடத்தின் பெரிய அசைன்மென்ட், சொந்த அமைப்பின் பன்னிரண்டு மாதப் பண வரத்து அட்டவணை. வருமானம், செலவு என்று ஆண்டுக்கு ஒரு தொகை போடுவது சுலபம். எந்த மாதத்தில் எவ்வளவு கையில் இருக்கும் என்று போடும்போதுதான் விஷயம் தெரிகிறது. பல கிராண்டுகள் செலவழித்த பிறகு திருப்பிக் கொடுக்கும் வகை. நீங்கள் முதலில் சம்பளம் கொடுத்து, வாடகை கட்டி, பில்லை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒப்பந்தம் பெரிதாகப் பெரிதாகக் கையில் இருப்பது சீக்கிரம் கரையும். பெரிய கிராண்ட் கிடைத்ததற்கு இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய ஒரு அமைப்பு, அதே கிராண்டினால் மூச்சுத்திணறுவது இப்படித்தான். எங்கள் கணக்காளரோடு உட்கார்ந்து இந்த அட்டவணையைப் போட்டபோது, ஆண்டின் நடுவில் இரண்டு மாதங்கள் மிகவும் ஒல்லியாக இருப்பது தெரிந்தது. அட்டவணையை எடுத்துக்கொண்டுபோய் நிதி கொடுப்பவர் ஒருவரிடம் தவணையை முன்கூட்டியே தர முடியுமா என்று கேட்டோம். ஒத்துக்கொண்டார். இப்படிக் கேட்கலாம் என்பதே அதுவரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

அதற்கு அடுத்தது முழுச் செலவுக் கணக்கு. ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு என்ன என்றால், புத்தகம், ஆசிரியர் சம்பளம், போக்குவரத்து மூன்றையும் கூட்டிச் சொல்வது வழக்கம். அலுவலக வாடகையில் அந்தத் திட்டம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, கணக்காளரின் நேரத்தில் எத்தனை மணி நேரம் அதற்குப் போகிறது, ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பிரித்துச் சேர்த்தால் தொகை கணிசமாக ஏறுகிறது. ஏறிய அந்தத் தொகைதான் உண்மை. ஆனால் அதைப் புரொபோசலில் எழுதத் துறை முழுக்க ஒரு பயம் இருக்கிறது. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல நிறுவனம் என்று நன்கொடையாளர்கள் நினைக்கிறார்கள். அதற்காக நிறுவனங்கள் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டியதைப் பார்த்து நன்கொடையாளரின் எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. கடைசியில் பழைய கணினியும் குறைந்த சம்பளமும் ஓயாத ஆள் மாற்றமும்தான் மிச்சம். 2009-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை இதற்குப் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்தது. 2013-ல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மூன்று மதிப்பீட்டு அமைப்புகளின் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள்: நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை அளக்காதீர்கள் என்று. நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களே அப்படிச் சொன்னது பெரிய விஷயம். 2020 முதல் அமெரிக்கக் கோடீஸ்வரர் மக்கென்ஸி ஸ்காட், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் பெருந்தொகைகளைக் கொடுத்துவருவதும் வகுப்பில் அதிகம் பேசப்பட்டது. எல்லோருக்கும் அப்படி ஒரு நன்கொடையாளர் வாய்ப்பதில்லை. ஆனால் உண்மைச் செலவைக் கூச்சமில்லாமல் எழுதும் தைரியம் இந்தப் பாடத்தில் கிடைத்தது. கடந்த புரொபோசலில் எழுதினேன். இரண்டு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

நிர்வாகக் குழு பாடம் இதற்கு ஒரு படி கீழே, ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே. அந்தக் குழுவில் இருக்கும் அறங்காவலர்கள் கையெழுத்துப் போடுவதற்கும் ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்காருவதற்கும் மட்டும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் எதற்கு என்று கேட்டால் பதில் தடுமாறும். இங்கே அதைத் தெளிவாகச் சொன்னார்கள். பணமும் சொத்தும் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. எந்தத் திசையில் போகிறோம் என்று முடிவு செய்வது ஒரு வேலை. நாம் கேட்கும் கேள்வியே சரியான கேள்விதானா என்று யோசிப்பது மூன்றாவது வேலை; அது பெரும்பாலான கூட்டங்களில் நடப்பதே இல்லை.

இதற்குப் படிக்கக் கொடுத்த வழக்குகளில், அதாவது நிஜ நிறுவனங்களுக்கு நடந்த கதைகளில், இரண்டு என்னை விடவில்லை. ஒன்று பிரிட்டனின் கிட்ஸ் கம்பெனி. 1996-ல் தொடங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பெரிய பெயர் வாங்கிய அமைப்பு. பிரதமர்கள்வரை பாராட்டினார்கள். 2015 ஆகஸ்டில், அரசு 30 லட்சம் பவுண்டு மானியம் கொடுத்த சில நாட்களிலேயே கதவை மூடியது. வருமானம் வளர்ந்த வேகத்துக்குக் கையிருப்பு சேர்க்கவே இல்லை. கதவைத் தட்டும் எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. 2016-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று அறங்காவலர்களைக் கடுமையாகக் குறை சொன்னது. 2021-ல் உயர் நீதிமன்றம், அந்த நடைமுறையில் ஆபத்து அதிகம் என்று ஒப்புக்கொண்டாலும், அவர்கள் பொறுப்பு வகிக்கத் தகுதியற்றவர்கள் என்ற வாதத்தை ஏற்கவில்லை. இரண்டு ஆவணங்களையும் படித்துவிட்டு வரச் சொல்லி, நாங்களே அந்த அறங்காவலர்களாக உட்கார்ந்து ஒரு கூட்டம் நடத்தினோம். குழந்தையைத் திருப்பி அனுப்பலாம் என்று கைதூக்க யாருக்கும் மனம் வரவில்லை. தூக்காவிட்டால் அடுத்த வருடம் எல்லாக் குழந்தைகளையும் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்ற கணக்கு எதிரில் காகிதத்தில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக இந்தப் படிப்பை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பரிந்துரைப்பேன்.

இன்னொன்று சிகாகோவின் ஹல் ஹவுஸ். ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் தொடங்கியது. ஆடம்ஸுக்கு 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சமூகப்பணி என்ற தொழிலே இதுபோன்ற இடங்களிலிருந்து வளர்ந்ததுதான். அந்தப் பெயரைச் சுமந்த சங்கம் 2012 ஜனவரியில் மூடப்பட்டது. வருமானத்தில் மிகப் பெரும் பங்கு அரசுப் பணமாகிப்போயிருந்தது. பொருளாதாரம் சரிந்தபோது அந்தப் பணம் சுருங்கியது, தேவை கூடியது, தனியார் நன்கொடை ஈடுகொடுக்கவில்லை. நூறாண்டைத் தாண்டிய பெயரும் நோபல் பரிசும் சம்பளத் தேதிக்கு உதவவில்லை. ஒரே ஒரு வருமான வழியை நம்பும் எங்கள் வகுப்புத் தோழர்கள் அன்று மிகவும் அமைதியாக இருந்தார்கள்.

நிறுவனரைப் பற்றிய வாரமும் நன்றாக இருந்தது. அமைப்பைத் தொடங்கியவர் எல்லா முடிவையும் தன் கையிலேயே வைத்துக்கொள்வதும், அவரைச் சுற்றியிருப்பவர்கள் அவரிடம் கேட்காமல் எதையும் செய்யத் தயங்குவதும் எங்கும் நடப்பதுதான். பாடத்தில் சொன்ன நல்ல ஆலோசனை: நிறுவனர் விலகும் தேதியை நிர்வாகக் குழு எழுத்தில் வைக்க வேண்டும், நன்கொடையாளர்களை அவரே அடுத்தவருக்கு நேரில் அறிமுகம் செய்ய வேண்டும், விலகியபின் அவருக்கு என்ன வேலை, எது அவர் வேலை இல்லை என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். எங்கள் நிறுவனரிடம் இதைக் காட்டினேன். "நல்லதாப் போச்சுப்பா, இதை நானே போர்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்றார். எழுதியும் கொடுத்தார்.

ஒரு திட்டம் நிஜமாகவே பலன் தருகிறதா என்று அளக்கும் மதிப்பீட்டுப் பாடம் கடினமானது, பலன் உள்ளது. நல்ல நோக்கத்தோடு செய்வது தீங்கில் முடியலாம் என்பதற்கு 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரபலமான ஒரு திட்டத்தை எடுத்தார்கள். தடம் மாறும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை வைத்து அவர்களைப் பயமுறுத்தித் திருத்துவது யோசனை. கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். பின்னர் இதுபோன்ற திட்டங்களின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலந்துகொண்ட சிறுவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியது தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே மேல்.

எதிர்ப்பக்கத்துக்கு வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1980-ல் தொடங்கி பத்தாண்டுகள், வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவதைத் தடுக்க உப்பு, வெல்லம், தண்ணீர் கலந்த கரைசலைச் செய்ய வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். இத்தனை வீடு போனேன் என்று எண்ணிச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய்ச் சில தாய்மார்களிடம் கேட்டுப்பார்ப்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துக் கற்றுக்கொடுத்தவருக்கு ஊதியம். அதோடு நிற்கவில்லை. தாய்மார்களுக்குச் செய்யத் தெரிந்திருந்தும் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள். காரணம் தேடிப்போனால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அந்தக் கரைசலில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை தேடினார்கள். அவர்களுக்கு அதன் அறிவியலை விளக்கி நம்பவைத்தார்கள், ஊர் ஆண்களிடமும் பேசினார்கள். பயன்பாடு கூடியது. எங்கள் வாசிப்புத் திட்டத்தில் எத்தனை வகுப்பு எடுத்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து அந்தக் குழந்தை புதிய பக்கம் ஒன்றைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறதா என்று பார்க்கும் முறைக்கு மாறியது இதைப் படித்த பிறகுதான்.

நிதி திரட்டல் பாடம் ஒப்பேற்றல். பெரிய தொகை சிலரிடமிருந்தும் சிறிய தொகை பலரிடமிருந்தும் வரும் என்ற கூம்பு வரைபடம், நன்றிக் கடிதத்தை உடனே அனுப்ப வேண்டும் என்ற அறிவுரை, ஒரு முறை கொடுத்தவரைத் தக்கவைப்பது புதியவரைத் தேடுவதைவிட மலிவு என்ற உண்மை. எல்லாம் சரிதான். ஆனால் இதற்கு ஒரு செமஸ்டர் தேவையில்லை, ஒரு குறுகிய பயிற்சியே போதும்.

இப்போது தலைமைத்துவம். எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது இது. பட்டத்தின் பெயரில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் பாடம். ராபர்ட் கிரீன்லீஃப் 1970-ல் முன்வைத்த, தலைவன் முதலில் சேவகன் என்ற கருத்திலிருந்து ஆரம்பித்தது. அழகான கருத்து. அப்புறம் ஆளுமைச் சோதனைகள், நான் எந்த வகைத் தலைவர் என்று எழுதும் கட்டுரைகள், குழுவாக உட்கார்ந்து நம் விழுமியங்களைப் பட்டியலிடும் பயிற்சிகள். வாரக்கணக்கில் இதுவே. நாளைக்கு நான் உட்காரப்போகும் நாற்காலியில் வரும் கேள்விகள் வேறு. நிதி நின்றுபோனதால் நல்ல பணியாளர் ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும். அதை எப்படிச் சொல்வது? பெரிய தொகை தரும் ஒருவர், குழந்தைகளின் படத்தை அவர் விரும்பும் விதத்தில் போடச் சொல்கிறார். அவருக்கு எப்படி மறுப்பது? குறைந்த சம்பளத்தில் உயிரைக் கொடுத்து வேலை செய்து களைத்துப்போன ஊழியரை லீவில் போகவைப்பது எப்படி? இவை பாடத்தில் இல்லை. உருப்படியாக இருந்த ஒரே வாரம் ரொனால்ட் ஹைஃபெட்ஸின் கருத்தைப் பற்றியது: தெரிந்த தீர்வைக் கொண்டு முடிக்கக்கூடிய பிரச்சினை வேறு, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பழக்கத்தையே மாற்றிக்கொண்டால்தான் தீரும் பிரச்சினை வேறு, இரண்டாவதை முதலாவதுபோல நடத்துவதுதான் தலைமையில் இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அதை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு மறுபடி ஆளுமைச் சோதனைக் கேள்வித்தாளுக்குப் போய்விட்டார்கள். பாட மதிப்பீட்டுப் படிவத்தில் இதையெல்லாம் விவரமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து படிப்பவர்களுக்காவது மாறட்டும்.

இன்னொரு குறை, வகுப்பறைக்குள் வராத ஒரு குரல். நன்கொடையாளர்கள் வந்து பேசினார்கள், அறங்காவலர்கள் வந்தார்கள், இயக்குநர்கள் வந்தார்கள். சேவையைப் பெறுகிறவர் ஒருவர்கூட வந்து, இந்த நிறுவனங்கள் தன்னை எப்படி நடத்துகின்றன என்று சொல்லவில்லை. சாலமன் சொன்ன அந்த மூன்றாவது பலவீனத்தை முதல் செமஸ்டரில் படிக்கவைத்துவிட்டு, மீதிப் படிப்பு முழுக்க அதைச் செய்துகாட்டியதுபோல் ஆகிவிட்டது. படிக்கக் கொடுத்தவற்றிலும் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தவை. பிராக் போன்றவை விதிவிலக்கு. ஒரு அமைப்பை மூடுவது அல்லது இன்னொன்றோடு இணைப்பது பற்றியும் முறையான பாடம் இல்லை. வழக்குகளில் இத்தனை மூடல்களைப் படித்தபின், ஊழியருக்கும் பயனாளிக்கும் குறைந்த வலியோடு எப்படி மூடுவது என்று யாராவது சொல்லித்தந்திருக்கலாம்.

கடைசி ஆண்டுக் களத்திட்டம் நன்றாக அமைந்தது. வேறொரு அமைப்புக்குப் போய், அவர்களுக்கு நிஜமாகத் தேவைப்படும் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். நான் போனது வீட்டிலேயே இருக்கும் நோயாளிகளைச் சந்திக்கும் ஒரு சிறிய குழு. அவர்களுக்குக் கையிருப்பு நிதிக் கொள்கை ஒன்று எழுதினேன்: எத்தனை மாதச் செலவை எப்போதும் வைத்திருப்பது, யார் அனுமதித்தால் எடுக்கலாம், எடுத்ததை எவ்வளவு காலத்தில் திருப்பி நிரப்ப வேண்டும். ஒன்றரைப் பக்கம்தான். அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக அவர்களுடைய பொருளாளரோடு பல மாலைகள் உட்கார்ந்தேன். வயதில் பெரியவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். "இது எதுக்குங்க, பணம் வந்தா செலவு பண்றோம், இல்லைன்னா நிறுத்துறோம்" என்றுதான் ஆரம்பித்தார். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, நிறுத்தினால் எந்த வாரம் யாருடைய வீட்டுக்குப் போக மாட்டோம் என்று சேர்ந்து குறித்தோம். அப்புறம் கொள்கையை அவரே குழுக் கூட்டத்தில் முன்மொழிந்தார்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் துறையின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் அதிகம். பட்டம் வாங்கியதால் மட்டும் சம்பளம் பெரிதாக ஏறாது. கடன் வாங்கிப் படிக்க நினைப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். உங்கள் அமைப்பு ஒரு பங்கைக் கொடுக்குமா என்று முதலில் கேளுங்கள், எனக்குக் கொடுத்தார்கள். பல பல்கலைக்கழகங்கள் முழுப் பட்டம் இல்லாமல் நாலைந்து பாடங்களோடு ஒரு சான்றிதழ் தருகின்றன. கணக்கும் நிர்வாகக் குழுவும் மதிப்பீடும் அதில் அடங்கியிருந்தால், பலருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. சந்தை, முதலீடு, பெரிய அளவிலான செயல்பாடுகள் பற்றி ஆழமாக வேண்டும் என்றால் எம்.பி.ஏ. நல்லது. மக்களோடு நேரடியாக வேலை செய்வதுதான் ஆசை என்றால் சமூகப்பணி படியுங்கள். இந்தப் பட்டம் உங்களை அலுவலக மேசைக்குத்தான் கொண்டுபோகும்.

சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தொண்டு நிறுவனக் கணக்குக்குத் தனியாக ஒரு முழுப் பாடம் இருக்கிறதா, அல்லது பொதுவான மேலாண்மைப் பாடத்தில் இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார்களா? அதை நடத்துபவர் நிஜமான அமைப்புகளின் கணக்கைப் பார்த்தவரா? களத்திட்டம் கட்டாயமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வரவில்லை என்றால் வேறு பல்கலைக்கழகம் தேடுங்கள். மாலை வகுப்பா இணையவழியா என்பது இரண்டாம் பட்சம். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள். உங்கள் சொந்த அமைப்பின் ஆடிட் அறிக்கையும் பட்ஜெட்டும் கையில் இல்லாமல் இந்த அசைன்மென்ட்களைச் செய்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. சேர்ந்த பிறகு பாட வரிசையை உங்கள் விருப்பத்துக்கு விட்டால், கணக்கை முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வழக்கிலும், அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் எண்களை நீங்களே படித்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்.